அழித்து அழித்து எழுதிய கதை: அமெரிக்காவின் பகல் நேர சீரியல்கள்

(இ.சி.இ. பிரிவு, 2008–2012)

சீரியலைப் பற்றிச் சரித்திரக் கட்டுரையா என்று சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வரலாம், காத்திருக்கிறேன். பாலம், அணைக்கட்டு, ராக்கெட் என்று ஒரு என்ஜினீயர் எழுத எத்தனையோ விஷயம் இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பிடித்த சரித்திரம் இதுதான். ஏனென்றால் இதில் கதை இருக்கிறது, கண்ணீர் இருக்கிறது, எல்லாவற்றுக்கும் அடியில் சுத்தமான ஒரு என்ஜினீயரிங் பிரச்சினையும் இருக்கிறது. ஒரு டேப்பை வைத்துக்கொள்வதா, அழித்துவிட்டு மறுபடி உபயோகிப்பதா?

நம் கல்லூரியின் மூத்த செட்டுகளுக்கு இந்த உலகம் கொஞ்சம் தெரிந்திருக்கும். 1990-களின் தொடக்கத்தில் தெருவுக்குத் தெரு கேபிள் வந்தபோது ஸ்டார் பிளஸ்ஸில் ‘சான்டா பார்பரா’வும் ‘தி போல்ட் அண்ட் தி பியூட்டிஃபுல்’லும் ஓடின. பாதி வசனம் புரியாது. ஆனாலும் யார் யாரை ஏமாற்றுகிறார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெளிவாகப் புரிந்தது! அந்தத் தொடர்கள் பிறந்த குடும்பத்தின் கதையைத்தான் சொல்லப் போகிறேன். அமெரிக்காவில் அவை ராத்திரி நேரத்து ஆடம்பரத் தொடர்கள் அல்ல. மத்தியானம், வீட்டு வேலைக்கு நடுவே, திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் வந்தவை.

சோப்பு உள்ளே வந்த கதை

1930-ல் சிகாகோவின் டபிள்யூ.ஜி.என். ரேடியோ நிலையத்தில் ‘பெயின்டட் ட்ரீம்ஸ்’ என்ற தினசரி நாடகம் ஆரம்பமானது. எழுதியவர் இர்னா ஃபிலிப்ஸ், முன்னாள் ஆசிரியை. நாடகம் யாருக்குச் சொந்தம் என்று நிலையத்துக்கும் அவருக்கும் தகராறு வந்து வழக்கு வரை போனது. அதில் அவர் ஜெயிக்கவில்லை. ஆனால் அதற்குள் வேறு நிலையத்துக்குப் போய்ப் புதுத் தொடரை ஆரம்பித்துவிட்டார். அம்மணி லேசுப்பட்டவர் இல்லை.

பகலில் ரேடியோ கேட்பவர்கள் இல்லத்தரசிகள். வீட்டுக்குச் சோப்பு வாங்குகிறவர்களும் அவர்களேதான். இந்தக் கணக்கைச் சோப்புக் கம்பெனிகள் பிடித்துக்கொண்டன. 1933-ல் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனி தன் ஆக்ஸிடால் சோப்புத்தூளுக்காக ‘மா பெர்கின்ஸ்’ தொடரை நடத்தியது. ‘சோப் ஓபரா’ என்ற பெயர் இப்படி வந்ததுதான். இதில் கவனிக்க வேண்டிய விஷயம், அந்தக் கம்பெனி வெறும் விளம்பரதாரர் அல்ல, பல தொடர்களுக்குத் தயாரிப்பாளரும் அதுவே. கதைக்கு முதலாளி சோப்புக்காரர்!

இர்னா ஃபிலிப்ஸின் ‘தி கைடிங் லைட்’ 1937 ஜனவரியில் ரேடியோவில் தொடங்கியது. 1952-ல் டெலிவிஷனுக்கு வந்தது. 1956 வரை ரேடியோ, டி.வி. இரண்டிலும் ஓடியது. முடிந்தது 2009-ல். மொத்தம் 72 வருஷம். பாட்டி, அம்மா, பெண், பேத்தி என்று நாலு தலைமுறை கேட்ட, பார்த்த ஒரே கதை.

1956 ஏப்ரல் 2-ம் தேதி சி.பி.எஸ்.ஸில் அவருடைய ‘அஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்’ ஆரம்பமானது. அதுவரை தொடர்கள் 15 நிமிஷம். இதுவும் அதே நாளில் ஆரம்பித்த ‘தி எட்ஜ் ஆஃப் நைட்’டும்தான் முதல் அரைமணி நேரத் தொடர்கள். நான்சி ஹியூஸ் என்ற அம்மா கணவனுக்குக் காலை வணக்கம் சொல்வதோடு தொடர் துவங்கும். அவ்வளவுதான் முதல் காட்சி. கொலை இல்லை, கடத்தல் இல்லை. சமையலறை, காபி, பேச்சு. நான்சியாக நடித்த ஹெலன் வாக்னர், நடுவில் சில இடைவெளிகள் போக, 2010-ல் இறக்கும்வரை அந்த வேஷத்திலேயே இருந்தார். ஒரே பாத்திரத்தில் மிக நீண்ட காலம் நடித்ததற்காகக் கின்னஸில் அவர் பெயர் ஏறியது.

ஏன் இவ்வளவு நிதானம் என்று கேட்கலாம். பார்ப்பவர் கையில் இஸ்திரிப் பெட்டி இருக்கும். கண் திரையில் இருக்காது. அதனால் எல்லாமே பேச்சில் வர வேண்டும், திங்கட்கிழமை நடந்ததைப் புதன்கிழமை யாராவது இன்னொருவருக்குச் சொல்லியாக வேண்டும். காதால் பார்க்கும் டெலிவிஷன் என்று சொன்னால் சரியாக இருக்கும். ரேடியோவில் தொழில் கற்றவர் எழுதியதல்லவா!

அந்த வெள்ளிக்கிழமை

இந்தத் தொடர்கள் நேரடி ஒளிபரப்பு. காலையில் ஒத்திகை, மத்தியானம் கேமரா முன்னால். வசனம் மறந்தால் மறந்ததுதான், கதவு திறக்கவில்லை என்றால் திறக்கவில்லைதான். நம் கல்லூரி ஆண்டு விழா நாடகத்தை வாரம் ஐந்து நாள், வருஷம் முழுவதும் போடுவதாக நினைத்துப் பாருங்கள். அதுதான் அவர்கள் வேலை.

1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. ‘அஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்’ ஆரம்பித்துச் சுமார் பத்து நிமிஷம் ஆகியிருந்தது. விவாகரத்தான மனைவியை மகன் விருந்துக்குக் கூப்பிட்டிருக்கிறான் என்று நான்சி தன் மாமனாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று திரையில் செய்தி அட்டை. வால்டர் கிராங்கைட்டின் குரல். டல்லாஸில் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டார்.

ஸ்டூடியோவில் நடித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் பாட்டுக்கு விருந்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். செய்தி, மறுபடி தொடர், மறுபடி செய்தி என்று கொஞ்ச நேரம் மாறி மாறிப் போனது. பிறகு தொடர் நின்றுவிட்டது.

அந்த வருஷத்தின் மற்ற நாட்களில் நான்சி என்ன பேசினாள் என்று இன்று தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. அந்த ஒரு நாள் பத்து நிமிஷம் மட்டும் உலகம் முழுக்கத் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டப்படுகிறது. காரணம் அந்தக் காட்சி அல்ல, அதை நிறுத்திய செய்தி. ஒரு சாதாரண நாள் பிழைத்திருக்க இவ்வளவு பெரிய சாவு தேவைப்பட்டது.

டேப்பும் கணக்கும்

மற்றதெல்லாம் எங்கே போயிற்று? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது.

நேரடி ஒளிபரப்பைச் சேமிக்க ஆரம்பத்தில் ஒரே வழிதான் இருந்தது. டி.வி. மானிட்டருக்கு எதிரே ஃபிலிம் கேமராவை வைத்துப் படம் எடுப்பது. இதற்குக் ‘கினஸ்கோப்’ என்று பெயர். படம் மங்கலாக இருக்கும், ஃபிலிம் கழுவுகிற செலவு வேறு.

1956-ல் ஆம்பெக்ஸ் கம்பெனி வி.ஆர்.எக்ஸ்.-1000 என்ற வீடியோ டேப் மெஷினைக் கொண்டுவந்தது. சார்லஸ் கின்ஸ்பர்க் தலைமையில் ஒரு சின்ன டீம். அதில் ஒரு இளைஞர் ரே டால்பி. ஆமாம், தியேட்டர்களில் நாம் பெயர் பார்க்கிற அதே டால்பி! ஆடியோ டேப் மாதிரி நேராக ஓட்டினால் வீடியோவின் உயர் அதிர்வெண்களைப் பிடிக்க முடியாது, டேப் அசுர வேகத்தில் ஓட வேண்டியிருக்கும். அவர்கள் டேப்பை மெதுவாக விட்டு ஹெட்டைச் சுற்றினார்கள். 2 அங்குல அகல டேப் வினாடிக்கு 15 அங்குலம் நகரும். அதன் குறுக்கே நாலு ஹெட் பொருத்திய சக்கரம் நிமிஷத்துக்கு 14,400 தடவை சுற்றும். டேப்புக்கும் ஹெட்டுக்கும் இடையே கிடைக்கிற வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 அங்குலம். கணக்குப் போட்டுப் பார்த்தால் கை தட்டத் தோன்றும்.

ஆனால் விலை? மெஷின் சுமார் 45,000 டாலர். ஒரு மணி நேரத்துக்கான டேப் ஒன்று சுமார் 300 டாலர். ஒரு அரைமணித் தொடருக்கு வருஷத்துக்கு 260 எபிசோடு, அதாவது 130 மணி நேரம். எல்லாவற்றையும் பத்திரப்படுத்தினால் டேப்புக்கு மட்டும் 39,000 டாலர், அதுவும் அந்தக் காலத்து டாலர்! தினசரித் தொடரை மறுபடி ஒளிபரப்பும் வழக்கமும் இல்லை. போன மாதச் சீரியலை யார் பார்ப்பார்கள்? அதே டேப்பை அழித்து மறுபடி உபயோகித்தால் பணம் மிச்சம். மானேஜர் நாற்காலியில் நீங்களோ நானோ இருந்தாலும் அழிக்கத்தான் கையெழுத்துப் போட்டிருப்போம்.

அப்படித்தான் அழித்தார்கள். 1970-களின் பிற்பகுதி வரை பல தொடர்களுக்கு இதே கதி. ‘அஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்’ 1975 வரை நேரடியாகவே போனது. டேப்புக்கு மாறிய மற்றத் தொடர்களிலும் நேற்றைய காட்சியின் மேல் இன்றைய காட்சி பதிந்தது. சிலேட்டில் எழுதுவது மாதிரிதான்.

அழிந்ததில் என்ன இருந்தது

‘அழுகைச் சீரியல் அழிந்தால் என்ன நஷ்டம்?’ என்று கேட்பவர்களுக்கு ஆக்னஸ் நிக்ஸனைப் பற்றிச் சொல்ல வேண்டும். இர்னா ஃபிலிப்ஸிடம் தொழில் பழகியவர். நிக்ஸனுடைய தோழி ஒருவர் கர்ப்பப்பைப் புற்றுநோயால் இறந்தார். பாப் ஸ்மியர் என்ற எளிய பரிசோதனை செய்திருந்தால் முன்கூட்டியே தெரிந்திருக்கும். அதைக் கதையாக்க அவர் கேட்டபோது சானலும் ஸ்பான்சரும் நிபந்தனை போட்டார்கள். ‘புற்றுநோய்’ என்ற வார்த்தை வரக் கூடாது, ‘கர்ப்பப்பை’ என்ற வார்த்தையும் வரக் கூடாது! 1962-ல் ‘கைடிங் லைட்’டில் பெர்ட் பவர் என்ற குடும்பத் தலைவிக்கு அந்தப் பரிசோதனையும் சிகிச்சையும் நடந்தன, அந்த வார்த்தைகள் ஒன்றுகூட இல்லாமல். இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்களுக்குச் சொல்ல வேண்டியது சொல்லப்பட்டுவிட்டது. டாக்டரிடம் கேட்கக் கூச்சப்பட்ட விஷயத்தை பெர்ட் அவர்கள் வீட்டு ஹாலுக்கே கொண்டுவந்து பேசினாள்.

பெர்ட்டாக நடித்த சாரிட்டா பவருக்குப் பிற்காலத்தில் நிஜமாகவே காலை எடுக்க வேண்டி வந்தது. அதையும் கதையில் சேர்த்தார்கள், அவரே நடித்தார். 1985-ல் காலமானார்.

1968-ல் நிக்ஸன் ஆரம்பித்த ‘ஒன் லைஃப் டு லிவ்’வில் கார்லா என்ற பெண் வருவாள். வெள்ளைக்காரி என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு சில மாதம் கழித்துத்தான் தெரிந்தது, அவள் கறுப்பினப் பெண், தன்னை மறைத்து வாழ்கிறவள் என்று. நடித்தவர் எலன் ஹாலி. 1970-ல் வந்த ‘ஆல் மை சில்ட்ரன்’னில் எரிகா கேன் 1973-ல் கருக்கலைப்பு செய்துகொண்டாள், சுப்ரீம் கோர்ட் அனுமதித்த அதே வருஷம். ராத்திரித் தொடர்கள் தொடத் தயங்கியதை மத்தியானத் தொடர்கள் தொட்டன. மத்தியானத்தை ஆண் அதிகாரிகள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்!

இவ்விரண்டு தொடர்களின் ஆரம்ப வருஷங்களிலும் பெரும்பகுதி இன்று இல்லை. ஒரு நாடு தன் வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டது என்பதற்கான சாட்சி அது. ஒரு டேப்புக்கு 300 டாலர் என்ற கணக்கில் போய்விட்டது.

ஒன்றே ஒன்று குறைந்தது

‘டார்க் ஷாடோஸ்’ தப்பித்தது. ஏ.பி.சி.யில் 1966 ஜூன் முதல் 1971 ஏப்ரல் வரை ஓடிய தொடர். முதலில் சாதாரண மர்மக் கதைதான். பார்ப்பவர்கள் குறைந்தபோது 1967-ல் பர்னபஸ் காலின்ஸ் என்ற ரத்தக் காட்டேரியை இறக்கினார்கள். ஜொனாதன் ஃப்ரிட் நடித்தார். ஸ்கூல் விட்டதும் பிள்ளைகள் ஓடி வந்து டி.வி. முன்னால் உட்கார்ந்தார்கள். டேப்பில் எடுத்த தொடர்தான். ஆனால் அந்த அகல டேப்பை வெட்டி ஒட்டுவது கஷ்டம், செலவும் கூட. அதனால் நேரடி ஒளிபரப்பு மாதிரியே நிறுத்தாமல் எடுத்தார்கள். கல்லறை ஆடும், மைக் எட்டிப் பார்க்கும், காட்டேரி வசனத்தை மறந்து விழிக்கும்! ரசிகர்களுக்கு இன்றைக்கும் அதுதான் பிடித்தது.

மொத்தம் 1,225 எபிசோடு. அவற்றில் ஒன்றே ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஏதாவது ஒரு வடிவில் இருக்கின்றன, சில கறுப்பு-வெள்ளைக் கினஸ்கோப்பாக மட்டும். இல்லாதது 1,219-வது. அதன் ஒலி மட்டும் மிஞ்சியது, யாரோ ஒரு ரசிகர் வீட்டில் ஆடியோ டேப்பில் பிடித்து வைத்திருந்ததால். பிற்பாடு அந்த ஒலியையும் மற்ற எபிசோடுகளின் படங்களையும் சேர்த்து அதை ஒப்பேற்றினார்கள். பெரிய நெட்வொர்க் தவறவிட்டதை டி.வி. பக்கத்தில் ரெக்கார்டர் வைத்த ஒருவர் காப்பாற்றினார்.

டேப் எவ்வளவு சாதாரணமாகத் தொலையும் என்பதற்கு 1983 ஆகஸ்ட் 4-ம் தேதி ஒரு வேடிக்கை. 1951-ல் ஆரம்பித்த ‘சர்ச் ஃபார் டுமாரோ’வின் அன்றைய டேப்பையும் காணோம், அதன் நகலையும் காணோம் என்றார்கள். நடிகர்கள் அந்த எபிசோடை நேரடியாக நடித்துக் காட்டினார்கள். விளம்பரத்துக்காகச் செய்த வித்தை என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. எப்படியோ, பதினாறு வருஷத்துக்கு முன் விட்ட பழக்கம் அவர்களுக்கு மறக்கவில்லை.

ஹாஸ்டல் டி.வி. ரூம்

1970-களின் நடுவில் வீட்டுக்குள் வி.சி.ஆர். வந்தது. வேலைக்குப் போகும் பெண்கள் டைமர் வைத்து மத்தியானத் தொடரைப் பதிந்து ராத்திரி பார்த்தார்கள். வீட்டில் பதிவு செய்வது குற்றமல்ல என்று 1984-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது.

அதே காலத்தில் கல்லூரி மாணவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ‘ஜெனரல் ஹாஸ்பிடல்’ நேரத்தில் ஹாஸ்டல் டி.வி. ரூமில் நிற்க இடம் இருக்காது. அதில் லூக்–லாரா கல்யாணம் 1981 நவம்பர் 16, 17 தேதிகளில் நடந்தது. சுமார் 3 கோடிப் பேர் பார்த்தார்கள். எலிசபெத் டெய்லரே கௌரவ வேடத்தில் வந்தார். ஒன்டே மேட்சுக்காக லேப் கட் அடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் காதலின் ஆரம்பம் 1979-ல் லூக் லாராவைப் பலாத்காரம் செய்த காட்சி. பிறகு அதைக் காதலாக மாற்றி எழுதினார்கள், நாடே கல்யாணத்துக்குக் கை தட்டியது. 1998-ல் தொடரே அந்தப் பழைய கணக்கைத் திரும்ப எடுத்துப் பேச வேண்டி வந்தது. டேப் பத்திரமாக இருப்பதன் பயன் இதுவும்தான். எதற்குக் கை தட்டினோம் என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அதன் பின் இறக்கம். பெண்கள் வேலைக்குப் போனார்கள், கேபிளில் சானல்கள் பெருகின. 1995-ல் ஓ.ஜே. சிம்சன் வழக்கின் நேரடி ஒளிபரப்பு மாதக்கணக்கில் மத்தியானங்களைச் சாப்பிட்டது. பழக்கம் விட்டவர்களில் பலர் திரும்பி வரவில்லை. 2009-ல் ‘கைடிங் லைட்’, 2010-ல் ‘அஸ் தி வோர்ல்ட் டர்ன்ஸ்’, 2011-ல் ‘ஆல் மை சில்ட்ரன்’, 2012 ஜனவரியில் ‘ஒன் லைஃப் டு லிவ்’ என்று வரிசையாக மூடினார்கள். நாலு மிஞ்சின. அவற்றிலும் ‘டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ 2022-ல் டி.வி.யை விட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போனது. 2025 பிப்ரவரியில் ‘பியாண்ட் தி கேட்ஸ்’ என்று புதிதாக ஒன்று ஆரம்பித்தது, ஒரு கறுப்பினக் குடும்பத்தை நடுவில் வைத்து. மரம் முழுசாகப் பட்டுப்போகவில்லை.

சின்சினாட்டி அம்மா

2016-ல் கம்பெனி வேலையாகச் சின்சினாட்டியில் எட்டு மாதம் இருந்தேன். ப்ராக்டர் அண்ட் கேம்பிளின் தலைமையகம் இருக்கிற ஊர். என் வீட்டுக்காரம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். ‘சோப் ஓபரா’ என்று சொல்ல மாட்டார். அந்தத் தலைமுறைப் பெண்கள் சொல்கிற மாதிரி ‘என்னோட கதைங்க’ என்றுதான் சொல்வார். தன் அம்மா இஸ்திரி போடும்போது மேஜைக்கு அடியில் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டதில் ஆரம்பித்த பழக்கம். “அது முடிஞ்சப்போ ரெண்டு மணிக்கு என்ன பண்றதுன்னே தெரியலை” என்றார். கதை முடிந்ததற்கு வருத்தப்படவில்லை, அந்த நேரம் காலியானதற்குத்தான் வருத்தம்.

அவரிடம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய வி.ஹெச்.எஸ். கேசட் இருந்தது. சிலது பூஞ்சை பிடித்திருந்தது. நல்லதாக இருந்த பதினோரு கேசட்டைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்தேன். விளம்பரங்களை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன். “ஐயையோ, அதை விட்டுடு” என்றார். பார்க்கும்போதுதான் புரிந்தது. கதை அவருக்கு மனப்பாடம். அவர் தேடியது மூடிப்போன உள்ளூர்க் கடையின் விளம்பரம், திரையின் கீழே ஓடிய பனி எச்சரிக்கை, அன்று லீவு விட்ட பள்ளிகளின் பெயர்கள். “இதோ பாரு, பசங்க ஸ்கூல்! அன்னிக்கு மூணு பேரும் வீட்லதான் இருந்தாங்க” என்று திரையைத் தொட்டுக் காட்டினார். நான்சி ஏதோ முக்கியமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நாங்கள் கவனிக்கவில்லை.

கடைசியாக

இந்தச் சரித்திரத்தில் எனக்குப் பட்டது இதுதான். விசேஷமான நாளை எல்லோரும் பத்திரப்படுத்துவார்கள். தினமும் நடப்பதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை, நாளைக்கும்தான் நடக்கப் போகிறதே என்று. பிறகு ஒரு நாள் அது நின்றுபோகிறது. அப்போது நாம் தேடுவது அந்தச் சாதாரண நாளைத்தான்.

நம் விஷயத்துக்கு வருவோம். பட்டமளிப்பு விழாப் படம் எல்லோர் வீட்டுச் சுவரிலும் இருக்கிறது. மெஸ் மெனு போர்டு எழுதியிருந்த படம் யாரிடமாவது இருக்கிறதா? செகண்ட் இயர் டைம்டேபிள்? ஹாஸ்டல் போனுக்கு முன்னால் நின்ற க்யூ? சீனியர்களே, பரணில் இருக்கிற கேசட்டையும் நெகடிவையும் பூஞ்சை பிடிப்பதற்கு முன் ஒரு தடவை இறக்கிப் பாருங்கள், மாற்றித் தர நான் தயார். தம்பி தங்கைகளே, போனில் ‘ஸ்டோரேஜ் ஃபுல்’ என்று வரும்போது நீங்கள் முதலில் அழிப்பது எதை? போர்டில் எழுதிய நோட்ஸ், நோட்டீஸ் போர்டு, கேன்டீன் மேஜை என்று சும்மா எடுத்த படங்களைத்தானே? அதில் ஒரு பத்தையாவது விட்டு வையுங்கள். டேப் 300 டாலர் விற்ற காலத்தில் அழித்தவர்களுக்கு ஒரு நியாயம் இருந்தது. நமக்கு அதுவும் இல்லை.